அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் உதவிப் பயிற்சியாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது ஹெல்மெட்டும் தோள் கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அவ்வளவு கூட்டத்துக்கும் தலைமைப் பயிற்சியாளரைத் தெரியும். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களைப் பற்றியது இந்தப் பக்கம். விதிகள் 2025 சீசன் நிலவரப்படி எழுதப்பட்டவை.

ஓர் அணியில் உதவிப் பயிற்சியாளர்கள் யார் யார்?

தாக்குதலுக்கு ஒரு கோ-ஆர்டினேட்டர், தடுப்புக்கு ஒருவர், கிக் ஆட்டங்கள் அடங்கிய சிறப்பு அணிக்கு ஒருவர். இவர்களுக்குக் கீழே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பயிற்சியாளர் இருப்பார்: குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்), தாக்குதல் லைன், தடுப்பு லைன், லைன்பேக்கர், கார்னர், சேஃப்டி. கோ-ஆர்டினேட்டரே ஒரு நிலையையும் சேர்த்துக் கவனிப்பது சகஜம். தாக்குதல் கோ-ஆர்டினேட்டர் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வார்.

இவர்களைத் தவிர அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல், கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்று ஒரு பட்டாளமே உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அனலிஸ்ட் என்ற பெயரில் பதவி இழந்த முன்னாள் தலைமைப் பயிற்சியாளரும் இருப்பார், நேற்றுப் பட்டம் வாங்கிய பையனும் இருப்பான்.

2024ல் ஏதோ விதி மாறியதாமே?

ஆமாம். மேல்தட்டான எஃப்பிஎஸ் பிரிவில் 2018 ஜனவரி வரை 9 உதவிப் பயிற்சியாளர்கள்தான் இருக்கலாம், பிறகு அது 10 ஆனது. அந்தப் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் மைதானத்தில் ஆட்டக்காரருக்கு வாய் திறந்து நுட்பம் சொல்லக் கூடாது. அனலிஸ்ட் ஒருவர் "காலை இப்படி வை" என்று சொன்னாலே விதிமீறல். 2024 கோடையில் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏ இந்தத் தடையை எடுத்துவிட்டது. இப்போது ஊழியர் யார் வேண்டுமானாலும் பயிற்சியிலும் ஆட்டத்திலும் கற்றுக்கொடுக்கலாம்.

ஆனால் வெளியூர் போய் ஆட்களைச் சேர்க்கும் உரிமைக்கு வரம்பு நீங்கவில்லை. எஃப்பிஎஸ்ஸில் தலைமைப் பயிற்சியாளரையும் சேர்த்து 11 பேருக்குத்தான் அது உண்டு. ஆகவே சாலையில் இறங்க அனுமதி உள்ளவர், இல்லாதவர் என்பதே இன்று உண்மையான பிரிவினை. வேலை ஒப்புக்கொள்ளும் முன் "நான் அந்தப் பத்தில் ஒருவனா?" என்று கேட்டுவிடுங்கள். சம்பளமும் அடுத்த வேலைக்கான வாய்ப்பும் அதைப் பொறுத்தே அமையும்.

உள்ளே நுழைவது எப்படி?

கல்லூரி அணியில் ஆடியவர்கள் தங்கள் பயிற்சியாளர் வழியாக வருவார்கள். மற்றவர்கள் பள்ளி அணியில் தொடங்குவார்கள், அல்லது படிக்கும்போதே அணி அலுவலகத்தில் மாணவ உதவியாளராகச் சேர்வார்கள். அடுத்த படி கிராஜுவேட் அசிஸ்டென்ட். இதற்கு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். கல்விக் கட்டணம் தள்ளுபடி ஆகும், கையில் சிறு உதவித்தொகை கிடைக்கும், வேலை மட்டும் முழுநேரத்தையும் தாண்டும். பகல் பயிற்சி மைதானத்துக்குப் போய்விடும் என்பதால் இணையவழி அல்லது மாலை வகுப்புள்ள படிப்பையே பலரும் எடுக்கிறார்கள். படிப்பில் கோட்டை விட்டால் பதவிக்கான தகுதியும் போய்விடும்.

பெரிய பெயருள்ள அணியில் காபி வாங்கி வருவதா, சிறிய கல்லூரியில் ஒரு நிலையை முழுப் பொறுப்பில் நடத்துவதா என்றால் எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. கீழ்ப் பிரிவுகளான டிவிஷன் 2, டிவிஷன் 3 கல்லூரிகளில் ஒரே ஆள் லைன்பேக்கர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், ஆட்சேர்ப்புக்குப் போவார், எடைப்பயிற்சிக் கூடத்தையும் பார்த்துக்கொள்வார், பேருந்தும் ஏற்பாடு செய்வார். அங்கே இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தவருக்கு நேர்காணலில் சொல்லச் சரக்கு இருக்கும்.

கல்லூரியில் ஆடாதவர்களுக்கு இடமுண்டா?

உண்டு, ஆனால் கதவு குறுகலானது. டெக்சஸ் டெக், வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் அணிகளுக்குத் தலைமை தாங்கிய மைக் லீச் கல்லூரியில் ஆடியதே இல்லை, படித்தது சட்டம். பெண்களுக்கும் வழி மெல்லத் திறக்கிறது: 2018ல் டார்ட்மத் கல்லூரி கேலி பிரவுன்சனை முழுநேர ஊழியராகத் தாக்குதல் பிரிவில் சேர்த்தது.

வீடியோ பிரிப்பது என்கிறார்களே, அதில் என்ன செய்வார்கள்?

புதியவர் முதலில் செய்வதும் இதுதான், அதிகம் பிழை செய்வதும் இதில்தான். அடுத்த எதிரணியின் கடைசி நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்குச் சுமார் 70 தாக்குதல் நகர்வுகள் என்றால் 280 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் மென்பொருளில் கட்டங்களை நிரப்ப வேண்டும்: எத்தனையாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), இன்னும் எத்தனை கெஜம், பந்து எந்த ஹாஷ் கோட்டில் (மைதானத்தின் நீளவாக்கில் இருக்கும் இரண்டு குறுங்கோட்டு வரிசைகள்), மைதானத்தில் எந்தக் கெஜத்தில், எந்த ஆட்டக்காரர் கூட்டணி, எந்த அணிவகுப்பு, பந்து எடுக்கும் முன் யார் நகர்ந்தார், என்ன ஆட்டம், என்ன முடிவு. கூட்டணியை இரண்டு இலக்கத்தில் எழுதுவார்கள். 11 என்றால் ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட். 12 என்றால் ஒரு பேக், இரண்டு டைட் எண்ட்.

பிழை எங்கே நுழைகிறது?

ஹாஷை இடம் வலம் மாற்றிப் பதிவது முதலாவது. கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் வரிசைகளும் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் ஒரு பக்கம் பரந்த வெளி, மறுபக்கம் நெருக்கம். எதிரணி எந்தப் பக்கம் ஓடும் என்ற கணக்கு முழுவதும் இந்த ஒரு கட்டத்தில் தொங்குகிறது.

இரண்டாவது, வென்றாகிவிட்ட ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியையும் சேர்த்துக்கொள்வது. 35 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கடத்த ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கூட்டினால் "இவர்கள் ஓடும் அணி" என்று அறிக்கை பொய் சொல்லும்.

மூன்றாவது, சிறிய எண்ணிக்கையைச் சதவீதமாக்குவது. மூன்றாவது டவுனில் 7 கெஜத்துக்கு மேல் தேவைப்பட்ட ஐந்து தடவையில் நான்கு முறை பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆட்கள் பாய்வது) வந்தது என்றால் "80 சதவீதம்" என்று எழுதாதீர்கள். "ஐந்தில் நான்கு" என்று எழுதுங்கள். முடிவெடுப்பவருக்கு அந்த ஐந்து தெரிய வேண்டும்.

ஸ்கௌட் அட்டை என்பது?

வாரநாள் பயிற்சியில் ஒரு துணை அணி எதிரணியைப் போல நடித்துக் காட்டும். அவர்களுக்கு எதிரணியின் ஆட்டம் தெரியாது. யார் எங்கே நிற்பது, எங்கே ஓடுவது என்று வரைந்து கையில் தூக்கிக் காட்டும் தாள்தான் ஸ்கௌட் அட்டை. வரைவது கிராஜுவேட் அசிஸ்டென்ட்.

அட்டையைப் பார்த்து ஆடப்போகிறவன் எந்தத் திசையில் நிற்கிறானோ அந்தத் திசையிலிருந்தே வரையுங்கள். தலைகீழாக வரைந்தால் வலப்பக்க ஓட்டம் இடப்பக்கம் போய்விடும். அசல் தடுப்பு அணி தவறான பாடத்தைப் பழகும், கோ-ஆர்டினேட்டர் அத்தனை பேர் முன்னால் உங்களைத்தான் பார்ப்பார். தடித்த மார்க்கர் பேனா, பந்து வாங்குபவனுக்கு வேறு நிறம், மூலையில் வரிசை எண், எந்த எண்ணிக்கையில் பந்து எடுப்பது என்ற குறிப்பு. பிளாஸ்டிக் உறையில் போட்டால் மழைக்குத் தாங்கும். பத்து நிமிடத்தில் 12 நகர்வு ஓட வேண்டியிருக்கும். அடுத்த அட்டையைத் தேடும் ஒவ்வொரு தடவையும் ஒரு நகர்வு குறையும்.

சீசன் நடக்கும்போது ஒரு வாரம் எப்படிப் போகும்?

சனிக்கிழமை ஆட்டம். ஞாயிறு காலை அதன் வீடியோவுக்கு மதிப்பெண் போட வேண்டும். பல அணிகளில் ஒவ்வொரு நகர்வுக்கும் பிளஸ் அல்லது மைனஸ்: பொறுப்பைச் சரியாகச் செய்தானா, நுட்பம் சரியா, கடைசிவரை ஓடினானா. ஆட்டக்காரர் வருவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும். அன்று பிற்பகலே அடுத்த எதிரணியின் வீடியோ திறக்கும்.

திங்கள் முதல் புதன் வரை திட்டம் பகுதி பகுதியாக உருவாகும். முதல் இரண்டு டவுன்களுக்கான ஆட்டங்கள் முதலில், பிறகு மூன்றாவது டவுன், பிறகு கோல் கோட்டுக்கு முந்தைய 20 கெஜம். செவ்வாயும் புதனும் உடம்பு மோதும் கடும் பயிற்சி. வியாழன் இலகுவானது. வெள்ளியன்று நடந்து பார்க்கும் ஒத்திகை, பயணம். இடையில் சிலர் அருகிலுள்ள பள்ளி ஆட்டத்துக்கு ஆள் பார்க்கப் போவார்கள். காலை ஆறு, ஆறரைக்கு வந்து இரவு பத்துக்குக் கிளம்புவது இந்த மாதங்களில் யாரையும் ஆச்சரியப்படுத்தாது.

பயிற்சி நேரம் ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக ஓடும், ஒவ்வொன்றின் முடிவிலும் ஹாரன் அடிக்கும். அதில் நிலைப் பயிற்சியாளருக்குத் தன் பையன்களோடு தனியாகக் கிடைப்பது இரண்டு, மூன்று துண்டுகள், அதாவது 10 முதல் 15 நிமிடம். இதில் ஆறு வகைப் பயிற்சி கொடுக்க முயல்பவர் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. சனிக்கிழமை வீடியோவில் கண்ட ஒரு குறைக்கு ஒன்று, வரும் எதிரணிக்கு ஒன்று என இரண்டு போதும்.

ஆட்டக்காரர்களை எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம்?

சீசனில் வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. சீசனுக்கு வெளியே வாரம் 8 மணி. வசந்தகாலப் பயிற்சி 34 நாட்களுக்குள் 15 முறை. வீடியோ பார்க்கும் கட்டாயக் கூட்டமும் கணக்கில் சேரும். "தானாக வந்தான்" என்று எழுதிவைத்துவிட்டு வராதவனைத் தண்டித்தால் அது விதிமீறல். இப்படி மாட்டிய அணிகள் உண்டு.

ஆட்டத்தன்று உதவிப் பயிற்சியாளர் எங்கே இருப்பார்?

பாதிப் பேர் மேலே கண்ணாடி அறையில், பாதிப் பேர் கோட்டோரம். மேலிருந்து பார்த்தால் 22 பேரும் தெரிவார்கள். கீழிருந்தால் ஆட்டக்காரனின் முகம் தெரியும். கோ-ஆர்டினேட்டர்கள் தம் பழக்கப்படி இடம் எடுப்பார்கள். மேலே இருப்பவர் சொல்ல வேண்டியது எதிரணி யாரை மாற்றியது, பின்வரிசை எப்படி நின்றது, அடுத்து என்ன வரலாம் என்பவை மட்டுமே. ஹெட்செட்டில் ஆட்டத்தை ரசித்துக் கத்துபவரை அடுத்த வாரம் மைக் இல்லாமல் உட்கார வைத்துவிடுவார்கள்.

2024 முதல் எஃப்பிஎஸ்ஸில் ஒரு பயிற்சியாளர் மைதானத்திலுள்ள ஓர் ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் நேராகப் பேசலாம். நகர்வுக் கடிகாரம் 40 வினாடியிலிருந்து இறங்கி 15ஐத் தொடும்போது அல்லது பந்து எடுக்கப்படும்போது, எது முதலில் நடக்கிறதோ அப்போது இணைப்பு அறுந்துவிடும். ஆகவே ஆட்டத்தின் பெயர் 25 வினாடி மிச்சம் இருக்கும்போதாவது போய்ச் சேர வேண்டும். கருவி மக்கர் செய்யும் என்று எண்ணி, பழைய கைச்சைகைகளையும் கையில் கட்டும் எண் பட்டியலையும் தயாராக வைத்திருப்பது நல்லது. எதிரணியின் சைகையைப் படிக்க அவர்களின் மற்ற ஆட்டங்களுக்கு நேரில் ஆள் அனுப்புவது 1994லிருந்தே தடை செய்யப்பட்டிருக்கிறது.

ஆட்சேர்ப்பு இல்லாமல் இந்த வேலை உண்டா?

கல்லூரியில் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்படும், உதாரணமாக டல்லாஸ் சுற்றுவட்டாரம் அல்லது தெற்கு ஃபுளோரிடா. அங்குள்ள பள்ளிப் பயிற்சியாளர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாட்காட்டியில் நான்கு வகைக் காலங்கள் உண்டு. தொடர்புக் காலத்தில் வீட்டுக்கே போகலாம். மதிப்பீட்டுக் காலத்தில் பள்ளிக்குப் போய்ப் பார்க்கலாம், வெளியில் உட்கார்ந்து பேச முடியாது. அமைதிக் காலத்தில் கல்லூரி வளாகத்தில் மட்டும் சந்திக்கலாம். தடைக் காலத்தில் எங்கேயும் நேரில் பார்க்கக் கூடாது, போனில் பேசலாம். மதிப்பீட்டுக் காலத்தில் பள்ளி வராந்தாவில் எதிர்ப்படும் மாணவனிடம் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது ஐந்து நிமிடப் பேச்சானால் புகார்தான்.

மாணவன் பதினோராம் வகுப்பில் இருக்கும் ஆண்டின் செப்டம்பர் 1 முதல் நாமே அவனுக்குச் செய்தி அனுப்பலாம். கல்லூரியில் சேர மாணவன் போடும் கையெழுத்து முன்பு பிப்ரவரியில் மட்டும் இருந்தது, 2017 முதல் டிசம்பரிலும் நடக்கிறது. இப்போது பெரும்பாலானோர் டிசம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

பையனிடம் மட்டும் பேசுபவர்கள் தோற்பார்கள். முடிவெடுப்பது அம்மாவா, பாட்டியா, மாமாவா என்று முதல் இரண்டு அழைப்பிலேயே கண்டுபிடித்தாக வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் ஆட்டக்காரருக்குப் பணமும் வந்த பிறகு?

வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர் பெயர் பதியும் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்படிக்கைப்படி கல்லூரியே எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். அதில் சேர்ந்த கல்லூரிகளின் கால்பந்து அணியில் பொதுவாக 105 பேருக்கு மேல் வைக்க முடியாது.

இதனால் நிலைப் பயிற்சியாளர் தன் அறையில் ஏற்கெனவே இருக்கும் பையன்களைத்தான் முதலில் தக்கவைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் இடத்தில் இருப்பவனிடம் அவன் நிலவரத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பொய் நம்பிக்கை கொடுத்தால் ஜனவரியில் போய்விடுவான், கூடவே இருவரை அழைத்துக்கொண்டு. பணப் பேச்சைத் தனி மேலாளரிடம் விட்டுவிடுங்கள். தொகையை வாய்தவறி உறுதி சொன்ன பயிற்சியாளர் இரண்டு பக்கமும் கெட்டபேர் வாங்குவார்.

சம்பளம் எவ்வளவு?

மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். 2018ல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) தன் தடுப்புக் கோ-ஆர்டினேட்டர் டேவ் அராண்டாவுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தது. 2025ல் பென் ஸ்டேட்டுக்குத் தடுப்புக் கோ-ஆர்டினேட்டராகப் போன ஜிம் நோல்ஸின் ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 31 லட்சம் என்று செய்தி வந்தது. பெரிய கான்ஃபரன்ஸ்களில் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள்) நிலைப் பயிற்சியாளர்கள் சில லட்சம் டாலர் வாங்குகிறார்கள். டிவிஷன் 3ல் சில ஆயிரம் டாலருக்கு, பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு பயிற்சி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழக ஒப்பந்தங்கள் பொதுவாகப் பொது ஆவணம் என்பதால் பேரம் பேசும் முன் பக்கத்து மாநில அணியின் எண்ணைப் பார்த்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சம்பள எண்ணை அப்புறம் பாருங்கள். முதலில் காலம். உதவிப் பயிற்சியாளர்களுக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுதான் வழக்கம்.

அடுத்தது ஈடுகட்டும் பிரிவு. ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் வீதம் இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போது உங்களை நீக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறிடத்தில் 2.5 லட்சத்துக்குச் சேர்கிறீர்கள். இந்தப் பிரிவு இருந்தால் பழைய கல்லூரி மீதி 1.5 லட்சத்தை மட்டும் தரும். புது வேலை தேடும் கடமையும் பெரும்பாலும் எழுதியிருக்கும். தேடாமல் வீட்டில் உட்கார்ந்தால் பணம் நின்றுபோகலாம்.

நீங்களாக விலகினால் கட்ட வேண்டிய தொகையைப் பாருங்கள். வேறு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனால் அது விலக்கப்படுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீடு மாற்றும் செலவைக் கல்லூரி தந்தாலும் 2018 முதல் அதற்கு மத்திய வருமான வரி உண்டு. எதிர்பாராமல் வருபவர்கள் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பார்கள்.

தலைமைப் பயிற்சியாளரின் தலை உருண்டால்?

உங்கள் தலையும் கூடவே உருளும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். மேலே சொன்ன நோல்ஸ் சேர்ந்த அதே ஆண்டு அக்டோபரில் பென் ஸ்டேட் தன் தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. நாட்டிலேயே அதிகம் வாங்கும் உதவியாளர்களில் ஒருவராக இருந்தும் நோல்ஸின் நாற்காலியும் ஆடியது.

புதியவர் வந்ததும் எல்லோரையும் பத்து, பதினைந்து நிமிடம் சந்திப்பார். ஒருவர், இருவர் தங்குவார்கள். அவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளிகளைக் கையில் வைத்திருப்பவர்கள். மற்றவர்களுக்கு டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை போன்தான் வாழ்க்கை. ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடு நடக்கும். சங்கம் 1922லிருந்து இருக்கிறது. விரிவுரைகளைவிட ஓட்டல் வரவேற்பறைப் பேச்சில்தான் அங்கே வேலைகள் கைமாறுகின்றன. வேலை போனால் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் போகும். கோப்ரா திட்டத்தில் முழுத் தவணையையும் நாமே கட்டி 18 மாதம் வரை நீட்டிக்கலாம். அந்தத் தவணைக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருங்கள்.

மேலே போக எத்தனை ஆண்டாகும்?

ஜார்ஜியா அணியின் தலைமைப் பயிற்சியாளரான கிர்பி ஸ்மார்ட்டின் பாதையைப் பாருங்கள். 1999ல் ஜார்ஜியாவில் நிர்வாக உதவியாளர். பிறகு வால்டோஸ்டா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் நிலைப் பயிற்சியாளர், அடுத்த ஆண்டே கோ-ஆர்டினேட்டர். அங்கிருந்து ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு மறுபடி கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக, அதாவது பதவியில் கீழே இறங்கிப் போனார். அதன்பின் பெயர்பெற்ற தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் எல்எஸ்யூ, ஓராண்டு ஜார்ஜியா, ஓராண்டு தொழில்முறை அணியான மயாமி டால்ஃபின்ஸ், 2007லிருந்து அலபாமா. 2015 டிசம்பரில் ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளராக நியமனம். 2021, 2022 சீசன்களில் தேசியக் கோப்பை. முதல் பதவியிலிருந்து தலைமைக்கு 16 ஆண்டு. அந்தக் கீழிறக்கம் இல்லாவிட்டால் பெரிய அணிகளின் வட்டம் அவருக்குத் திறந்திருக்குமா என்பது சந்தேகமே.

எல்லோரும் தலைவராக வேண்டியதில்லை. பட் ஃபாஸ்டர் 1987ல் வர்ஜீனியா டெக்குக்கு வந்து 1995 முதல் 2019 வரை அங்கேயே தடுப்பை நடத்தி ஓய்வுபெற்றார். 2024 பிப்ரவரியில் சிப் கெல்லி யூசிஎல்ஏயின் தலைமைப் பதவியை விட்டு ஒஹாயோ ஸ்டேட்டின் தாக்குதல் கோ-ஆர்டினேட்டராகப் போனார். அந்த சீசனில் அவர்களுக்குத் தேசியக் கோப்பை கிடைத்தது. பணம் திரட்டுவது, நன்கொடையாளர் விருந்து, ஆட்டக்காரர் ஒப்பந்தம் இவையெல்லாம் வேண்டாம், ஆட்டம் வரைவது போதும் என்பவர்களுக்குக் கோ-ஆர்டினேட்டர் பதவியே நல்ல இடம்.

உதவிப் பயிற்சியாளருக்கென்று விருது உண்டா?

பிராய்ல்ஸ் விருது. 1996ல் தொடங்கியது, முதலில் பெற்றவர் ஃபுளோரிடா ஸ்டேட்டின் மிக்கி ஆண்ட்ரூஸ். ஸ்மார்ட் 2009லும் ஃபாஸ்டர் 2006லும் வாங்கினார்கள்.

நேர்காணலில் என்ன செய்யச் சொல்வார்கள்?

வெள்ளைப் பலகை முன் நிறுத்தி "உன் அடிப்படைத் தடுப்பை வரை" என்பார்கள். வரைந்ததும் ஓர் ஆட்டக்காரரை இடம் மாற்றி "இப்போது?" என்று கேட்பார்கள். மனப்பாடம் அங்கே உடையும். பிறகு விளக்கை அணைத்து, நீங்கள் பயிற்சி கொடுத்த நிலையின் வீடியோவைப் போடுவார்கள். நல்ல நகர்வுகளை மட்டும் தொகுத்துக் கொண்டுபோகாதீர்கள். செப்டம்பரில் ஒருவன் செய்த தவறு, அதற்குக் கொடுத்த பயிற்சி, நவம்பரில் அதே ஆள் அதே நிலைமையில் என்று மூன்று துண்டு இருந்தால் போதும்.

முன்னாள் அணியின் ஆட்டப் புத்தகத்தை அப்படியே நீட்ட வேண்டாம். இன்று அதைக் காட்டுபவர் நாளை எங்களுடையதையும் காட்டுவார் என்றுதான் நினைப்பார்கள். உங்கள் பகுதியில் தெரிந்த பத்துப் பள்ளிப் பயிற்சியாளர்களின் பெயர் கேட்பார்கள், அதில் இருவருக்கு அங்கேயே போன் போட்டும் பார்ப்பார்கள். வீடியோக்களை மடிக்கணினியிலேயே சேமித்து வையுங்கள். கூட்ட அறையில் இணையம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.